திருகோணமலை, சாம்பல்தீவுக் களப்பில் கயாக்: பறவைக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்?

உப்புவெளியான் எழுதியது:

வாடைக் காற்று அடங்கிவிட்டது, கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. களப்புக்குள் இறங்க மார்ச்தான் தோதான மாதம் என்று வருடாவருடம் கதைத்துவிட்டு வீட்டிலேயே இருக்கும் மச்சானைப் போன கிழமை ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன். சல்லி அம்மன் கோவில் பக்கத்து முகத்துவாரத்துக்குக் கிட்ட இறங்கி, கண்டல் ஓரமாக உள்ளே ஏறி, சாம்பல்தீவுப் பாலப் பக்கம் போய்த் திரும்புவது திட்டம். படங்கள் மச்சானின் போனில் இருக்கின்றன. அவர் அனுப்பினால் போடுகிறேன், அதுவரை எழுத்துத்தான்.

வெள்ளாப்பிலேயே இறங்கிவிட்டோம். தண்ணீர் அசையவே இல்லை. முதலில் கண்ணில் பட்டது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்று, கல்லைப் போட்டதுபோல் விழுந்து, குஞ்சு மீனோடு எழும்பியது. அப்புறம் உள்ளே போகப்போக நீர்க்காகங்கள், சாம்பல் நாரை, கூழைக்கடா, செம்பருந்து என்று வந்துகொண்டே இருந்தன. பட்டமரம் ஒன்றில் விராலடிப்பான் இருந்தது. காலுக்குள் ஒரு மீன், தலைப்பக்கம் ஏற்கெனவே இல்லை. எங்களை ஒருமுறை பார்த்தது, பிறகு தன் வேலையைத் தொடர்ந்தது. மஞ்சள் கண் அது. அந்தப் பார்வையை மறக்கமுடியாது.

ஆனால் எனக்கு நாள் முழுக்க அலுக்காதது கண்டல் வேரடிதான். வேருக்கும் சேற்றுக்கும் நடுவில் கயாக்கை விட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பொந்துப் பொந்தாக ஒற்றைக் கொடுக்கு நண்டுகள் வெளியே வந்தன. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. மற்றக் கையால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, தின்னக்கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சின்ன உருண்டையாகக் கீழே போடுகிறது. சேற்றில் துள்ளும் அந்த முட்டைக்கண் மீன்கள் வேரில் ஏறி வெயில் காய்ந்தன. கண்ணா என்கிற கண்டல் மரத்தின் இலை ஒன்றைப் பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது.

கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று எங்களுக்கு முன்னால் குறுக்கே நீந்திப் போனது. நாலு காலையும் உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு வால் மட்டும்தான் வேலை செய்கிறது. இவ்வளவு பெரிய உடம்புக்கு அலையே இல்லை.

இப்போது கேள்வி. திரும்பி வரும்போது முகத்துவாரத்து மணல்திட்டில் உள்ளான்கள் பெரிய கூட்டமாக இருந்தன. நாங்கள் தள்ளியே நின்று பைனாகுலரில் பார்த்தோம். பின்னால் வந்த வேறொரு கோஷ்டி நேரே திட்டை நோக்கித் துடுப்புப் போட்டது. கூட்டம் முழுக்க எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே போய்விட்டது. அவர்களுக்கு நல்ல வீடியோ கிடைத்திருக்கும். அவர்களோடு வந்த வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்பது சரி? விசயம் தெரிந்த ஆக்கள் சொல்லுங்கள்.

—

பிளேன்டீ எழுதியது:

அருமை அண்ணா. நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து ஓகஸ்ட் லீவுக்கு வருவதாக இருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பூநாரை பார்க்கவேண்டுமாம். களப்பில் இருக்குமா? முதலைப் பயம் உண்டா? மகள் நான்காம் வகுப்பு, நீந்தத் தெரியாது.

—

துடுப்புக்காரன் எழுதியது:

உப்புவெளியான், அந்தக் கோஷ்டி செய்தது அழகில்லைதான். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். இதே களப்பில் இயந்திரப் படகு போகிறது, மண்ணெண்ணெய்ப் புகையோடு. புறாத்தீவுக்கு நாளொன்றுக்கு எத்தனை படகு ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அதை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போகிற கயாக்கைப் பிடித்து விசாரிப்பது நியாயமாகத் தெரியவில்லை. கயாக் என்பது காட்டுயிர் பார்க்க இருக்கிற ஆகக் குறைந்த கரைச்சல் உள்ள வழி. எண்ணெய் இல்லை, சத்தம் இல்லை, கரையைக் கரைக்கிற அலை இல்லை.

—

ஆக்காட்டி எழுதியது:

தம்பி துடுப்புக்காரன், சத்தம் இல்லை என்பது சரி. ஆனால் கரைச்சல் இல்லை என்று ஆகாது.

இயந்திரப் படகுக்கு ஆழம் வேண்டும். அது வாய்க்கால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓடும், அதுவும் தினமும் ஒரே வழியால். சத்தம் தூரத்திலேயே கேட்கும். கரையில் நிற்கும் கொக்கு அதைப் பார்த்துத் தலையைக்கூடத் தூக்காது, பழகிவிட்டது. கயாக்குக்கு அரையடித் தண்ணீர் போதும். படகு போகமுடியாத அந்த அரையடித் தண்ணீர்தான் உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் கொக்கும் மேயும் இடம். அங்கே ஒரு மனிதன் சத்தமே இல்லாமல் திடீரென்று முளைத்தால் பறவை என்ன நினைக்கும்? வேட்டையாட வருகிறவன்தான் அப்படி வருவான்.

இன்னொன்று, காலம். மார்ச், ஏப்ரலில் திட்டில் நிற்கிற உள்ளான்களில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பயணிகள். வளைந்த அலகுள்ள சின்ன உள்ளான் ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மாரியில் சாம்பல் நிறம், இப்போது வயிற்றுப் பக்கம் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். அது முட்டையிடுவது சைபீரியாவின் வட கோடியில், துருவப் பக்கம். மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென் முனை நம்முடைய தீவு, இதற்குக் கீழே நிலமே இல்லை. வடக்கே பறக்கப்போகிற முன் உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளத்தான் இந்த நாட்களில் விடாமல் தின்கின்றன. நாம் எழுப்பிவிடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு போகிறது. ஒரு கோஷ்டி ஒருமுறை எழுப்பினால் பறவை தாங்கும். சனி ஞாயிறில் வருகிற எல்லாக் கோஷ்டியும் அதே திட்டுக்குப் போனால்?

தூரத்தை மீற்றரில் கேட்டால் ஒரே பதில் இல்லை. பறவையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி நின்றால் அதுதான் எல்லை, அதற்கு மேல் ஒரு துடுப்பும் போடக்கூடாது. நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு போகாமல் பக்கவாட்டில் மெல்லக் கடக்கிறதுபோல் போனால் நிறையப் பறவை பொறுத்துக்கொள்ளும். துடுப்பை மடியில் குறுக்காக வைத்துவிட்டு ஒழுகவிட்டால் இன்னும் நல்லது, ஈரத் துடுப்பு வெயிலில் பளிச்சென்று அடிக்கும். ஆக்காட்டி கத்தினால் கதை முடிந்தது, பேசாமல் திரும்பிவிடுங்கள். அது களப்பு முழுக்க அறிவித்துவிடும். (என் பெயருக்காகச் சொல்லவில்லை.)

—

துடுப்புக்காரன் எழுதியது:

அக்கா, ஆழத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அப்படி யோசிக்கவில்லை. ஆனால் "போகாதே" என்று சொன்னால் ஆக்கள் இயந்திரப் படகில்தான் ஏறுவார்கள். சுற்றுலாவை நம்பி இந்தப் பக்கம் எத்தனை பொடியன்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

—

ஆக்காட்டி எழுதியது:

போகாதே என்று எங்கே சொன்னேன்? நானே போகிறவள்தான். வாய்க்காலில் போ, கண்டல் ஓரத்தில் நில், மணல்திட்டையும் அரையடித் தண்ணீரையும் விட்டுவிடு. அவ்வளவுதான். கண்டல் ஓரம் நிழலும் கூட.

மே, ஜூனில் இன்னும் கவனம் தேவை. அப்போது திட்டில் இருப்பது நம் ஊர்க்காரர்கள். சின்ன ஆலாவும் உப்புக்கொத்தியும் கூடென்று ஒன்றும் கட்டாமல், வெறும் மணலில் ஒரு குழியைக் கீறி முட்டையிடும். முட்டை மணல் நிறம், புள்ளி புள்ளியாக. காலடிக்குள் இருந்தாலும் தெரியாது. நிலாவெளி உப்பளப் பக்கம் ஒரு உப்புக்கொத்தியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயிலில் தண்ணீருக்கு ஓடிப்போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு, ஓடிவந்து முட்டைமேல் குந்தியது. காய்ந்ததும் மறுபடி ஓட்டம். முட்டையைக் குளிராக வைத்திருக்க அதற்குத் தெரிந்த வழி அது. அந்த நேரத்தில் ஒருவன் செல்பி எடுக்கத் திட்டில் இறங்கி அரை மணித்தியாலம் நின்றால், மிதிக்காமலே முட்டை அவிந்துவிடும்.

அந்த உப்புக்கொத்தி சும்மா ஒரு பறவையும் இல்லை. 2023 இல்தான் அதைத் தனி இனம் என்று பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் கொடுத்தார்கள். அது முட்டையிடுவது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான்.

—

சல்லிக்கரை எழுதியது:

பறவைக்கு இவ்வளவு பேர் கதைக்கிறீர்கள், வலைக்கும் ஒருவர் கதைக்கட்டும்.

நான் களப்பில் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. கம்பு நட்டிருந்தால் அதற்கு நடுவில் வலை இருக்கிறது என்று அர்த்தம். வெறும் போத்தலோ ரெஜிபோம் துண்டோ மிதந்தால் அது குப்பை இல்லை, கீழே யாருடையதோ ஒரு நாள் கூலி கட்டிக் கிடக்கிறது. கயாக்கில் வருகிற ஆக்கள் மிதவையைத் துடுப்பால் கிளப்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் "பொலித்தீன் பொறுக்குகிறேன்" என்று மிதவையையே அறுத்துக்கொண்டு போனார். நல்ல மனுசன், நல்ல எண்ணம், வலை போச்சு.

இரவில் இறால் படுகிற காலத்தில் விடிய விடிய வேலை. வெள்ளன வலை தூக்குகிற நேரத்தில்தான் கயாக்கும் வரும், ஏனென்றால் பறவையும் அப்போதுதான் வரும். வள்ளத்தைக் கண்டால் பின்பக்கத்தால் சுற்றிப் போங்கள். வலை முன்னால் கிடக்கிறதா பின்னால் கிடக்கிறதா என்று தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கேட்காவிட்டால் கோபிப்போம்.

ஆக்காட்டி அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் கூட்டிச் சொல்கிறேன். திட்டில் ஆலா எங்கே முட்டை வைத்திருக்கிறது என்று எங்கள் பொடியனுக்குத் தெரியும். வழிகாட்டியாக வெளியாளை வைக்காமல் கரையில் உள்ள ஒருவனை வைத்தால் வலையும் தப்பும் முட்டையும் தப்பும்.

—

உப்புவெளியான் எழுதியது:

சல்லிக்கரை தம்பி, வலையைப் பற்றிச் சொன்னது பெரிய உபகாரம். நாங்கள் போன அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் கம்பு வரிசையாக நின்றது, தள்ளித்தான் போனோம். ஆனால் மிதவை விசயம் எனக்குப் புதிது. வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் லைஃப் ஜக்கெட்டைப் போடச் சொன்னார்கள், இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

—

கொட்டியாரத்தான் எழுதியது:

வெள்ளவத்தைத் தங்கச்சியின் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. நான் கிண்ணியா. சொல்கிறேன்.

முதலில் மாதம். ஓகஸ்ட்டில் வருகிறீர்கள். கடல் குளிக்க, புறாத்தீவு போக நல்ல காலம். களப்புப் பறவைக்கு அவ்வளவாக இல்லை. வெளிநாட்டுப் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபரில்தான் வந்து சேரும், ஏப்ரலில் போய்விடும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நமக்கு மாரி, களப்பு பொங்கி நிற்கும், முகத்துவாரத்தில் இழுவை. ஆகவே பறவையும் கயாக்கும் ஒத்துவருவது பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் தொடக்கம். ஏப்ரலில் பின்னேரம் இடி மின்னல் வரும். வானம் உள்நாட்டுப் பக்கம் கறுத்தால் தண்ணீரில் நிற்கக்கூடாது, வெளியில் உயரமாக இருப்பது நீங்கள் மட்டும்தான்.

ஓகஸ்ட் என்றால் கச்சான். தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று, சூடும் கூட. போகும்போது சுகமாக இருக்கும், "எவ்வளவு கெதியாகப் போகிறோம்" என்று சந்தோசப்படுவீர்கள். திரும்பும்போதுதான் விளங்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்பவேண்டும். முகத்துவாரம் திறந்திருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். நீந்தத் தெரியாத பிள்ளைக்குப் பெரியவருடைய லைஃப் ஜக்கெட்டைப் போட்டு இறுக்கிக் கட்டுவது வேலைக்கு ஆகாது, விழுந்தால் ஜக்கெட் மேலே வரும், பிள்ளை கீழே போகும். பிள்ளை அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கரையில் இருந்து பாருங்கள்.

பூநாரை: ஓகஸ்ட்டில் நம்பி வராதீர்கள். மாரிக்குப் பிறகு கொக்கிளாய்ப் பக்கம் வரும், வராத வருடமும் உண்டு. கொக்கிளாய்க் களப்பு 1951 இலிருந்து சரணாலயம், புல்மோட்டை தாண்டிப் போகவேண்டும். அங்கே சும்மா கயாக்கைப் போட்டுவிடமுடியாது, வனசீவராசித் திணைக்களத்தில் விசாரித்துவிட்டே போங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டியே ஆகவேண்டும் என்றால் பிரெட்றிக் கோட்டைக்குள் போங்கள், புள்ளிமான் வாசலிலேயே நிற்கும். ஆனால் பொலித்தீனோடு எதையும் கொடுக்கவேண்டாம்.

முதலை: இலங்கையில் இரண்டு வகை. குளத்து முதலை உலர்வலயக் குளங்களில் தாராளம், மாரி வெள்ளத்தில் களப்புக்கும் வரும். மற்றது உப்புநீர் முதலை, ஆற்று முகத்துவாரமும் கண்டலும் அதன் இடம். உருவிலும் குணத்திலும் அது வேறு. எங்கள் கொட்டியாரப் பக்கம் மகாவலி கடலில் விழுகிறது. 335 கிலோமீற்றர் ஓடிவருகிற ஆறு, கழியும் கண்டலும் சேறுமாக எவ்வளவோ இடம். அங்கே நான் தோணியிலேயே கையைத் தண்ணீரில் விடமாட்டேன். கயாக்கில் போகவேண்டும் என்று வருகிற பொடியன்களுக்குச் சொல்வது, அந்தந்த இடத்து மீன்பிடிகாரன் இறங்கிக் குளிக்கிற இடத்தில் நீயும் இறங்கு, அவன் இறங்காத இடத்தில் இறங்காதே.

அப்புறம் தில்லை. கண்டலோடு கலந்து நிற்கும், சில இலை சிவந்து பார்க்க வடிவாக இருக்கும். கொப்பை ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வழியை விலக்கக் கொப்பு ஒடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனம்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் திருகோணமலைக்குப் பாதையில்தான், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவையில்தான், போய்வந்தோம். அந்தப் பாதை கரைக்கு வரும்வரை காத்திருந்த நேரத்தில் பார்த்த பறவைகளை இப்போது 396 மீற்றரை மோட்டார் சைக்கிளில் கடக்கிறவன் பார்ப்பதில்லை. அதற்காகப் பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நோயாளியோடு அந்தக் கரையில் நின்றவனுக்குத் தெரியும்.

—

பிளேன்டீ எழுதியது:

நானா, மிச்சம் நன்றி. வீட்டுக்காரரோடு கதைத்தேன். ஓகஸ்ட்டில் கடலும் கோட்டை மானும், பெப்ரவரியில் நாங்கள் இருவர் மட்டும் களப்பு என்று முடிவு. சல்லிக்கரை சொன்ன மாதிரிக் கரையில் உள்ள ஆளைப் பிடிக்க என்ன செய்வது?

—

சல்லிக்கரை எழுதியது:

வெள்ளன மீன் ஏலம் போடுகிற நேரத்தில் கரைக்கு வந்து கேளுங்கள் அக்கா. முதல் நாளே வாருங்கள், போகிற அன்று வந்து கேட்டால் எல்லாரும் தண்ணீரில் இருப்பார்கள். காசை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு பக்கமும் மனஸ்தாபம் வேண்டாம்.

—

துடுப்புக்காரன் எழுதியது:

ஆக்காட்டி அக்கா, நாங்கள் இரண்டு மூன்று பேர் கயாக் வைத்திருக்கிறோம். மே தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை திட்டுப் பக்கம் ஆளை விடாமல், வாய்க்காலும் கண்டல் ஓரமும் மட்டும் என்று எங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கதைத்திருக்கிறோம். ஆனால் ஹோட்டல்காரர்கள் சொந்தமாக இறக்குகிற கயாக்கை நாங்கள் தடுக்கமுடியாது. கயிறு கட்டி ஒரு பலகை நட்டால் என்ன?

—

ஆக்காட்டி எழுதியது:

பலகை நட்டால் "இங்கே முட்டை இருக்கிறது" என்று நாய்க்குத் தெரியாது, மனிதனுக்குத் தெரிந்துவிடும். அதுதான் என் பயம். முட்டை எடுப்பது 1937 ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்றாலும் திட்டில் நின்று பார்க்க யார் இருக்கிறார்? கயிறு மட்டும் கட்டுங்கள், முட்டைக்கு நல்ல தூரம் தள்ளி, காரணத்தை எழுதாமல் "உள்ளே வரவேண்டாம்" என்று மட்டும். கட்டுகிற வேலையைச் சித்திரைப் புதுவருடத்துக்கு முன்பே, முட்டை வர முதல் முடித்துவிடவேண்டும். நாய்க்கு என்ன செய்வது என்று சல்லிக்கரைதான் சொல்லவேண்டும், கரையில் மீன் கழிவு கொட்டினால் நாய் வரத்தான் செய்யும்.

—

சல்லிக்கரை எழுதியது:

கழிவைப் பற்றி எங்கள் சங்கக் கூட்டத்தில் கதைக்கிறேன். உறுதி சொல்லமாட்டேன், அங்கே இதைவிடப் பெரிய சண்டைகள் இருக்கின்றன. கயிறும் கம்பும் நான் தருகிறேன். பழைய வலைக்கயிறு வீட்டில் கிடக்கிறது.

—

உப்புவெளியான் எழுதியது:

வருகிற ஞாயிறு வெள்ளன கோவிலடியில் சந்திப்போம். துடுப்புக்காரன், இரட்டைக் கயாக் ஒன்று கொண்டுவாருங்கள், கம்பு ஏற்ற வேண்டும். மச்சான் படங்களை இன்னும் அனுப்பவில்லை, ஞாயிறு ஆளையே கூட்டிவருகிறேன், அங்கேயே கேளுங்கள்.